எந்தக் கூட்டத்திலும் இல்லாதவன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஐந்து வயதில் தெரியாமல் இருந்திருக்கலாம். எட்டு வயதில் நன்றாகவே தெரியும். இப்போது எனக்கு முப்பத்தெட்டு. சத்தியமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டு விடை காண்பது எனக்குத் தொழில். ஆகவே யாரும் பதற வேண்டியதில்லை.

என் பிறந்த வீடு கோயமுத்தூரில், கணபதியில். வீட்டுக்குப் பின்புறமே அப்பாவின் லேத் பட்டறை. இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும். காலை எட்டரைக்குப் போட்டால் மாலை ஆறுக்குத்தான் நிற்கும். அந்தச் சத்தத்தில் வீட்டில் யாரும் யாரிடமும் சாதாரணமாகப் பேச முடியாது. கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையை ஆட்ட வேண்டும். நான் ஒற்றைப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை, என் வகுப்பில் பாதிப் பேர் ஒற்றைப் பிள்ளைகள்தான். இரும்புச் சுருள் காலைக் கிழித்துவிடும் என்று பட்டறைக்குள் விடமாட்டார்கள். லாரி வரும் என்று ரோட்டுக்கும் விடமாட்டார்கள். மிச்சமிருந்தது மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டார் வைத்திருந்த மூலை. அங்கேதான் அவன் வந்து சேர்ந்தான். எப்படி வந்தான் என்று நினைவில்லை. லேத் ஓடும்போதும் அவன் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது. காது வழியாக வராத பேச்சுக்குச் சத்தம் ஒரு தடையா?

பெயர் வைக்கவில்லை. எந்நேரமும் பக்கத்திலேயே இருப்பவனைப் பெயர் சொல்லி எதற்குக் கூப்பிட வேண்டும்? 'டேய்' போதுமானதாக இருந்தது. அவன் என்னை 'ஏ புள்ளே' என்பான். என் வயதுதான். முகம் எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் அவனைப் பார்த்ததே கிடையாது. எப்போதும் இடப்பக்கம், அரை அடி பின்னால். அங்கே ஓர் ஆள் இருப்பது தெரியும், அவ்வளவுதான்.

இப்படி ஒருவன் இருந்தான் என்று சொன்னவுடன், பாவம், தனிமையில் வாடிய பிள்ளைக்கு ஆறுதலாக வந்தவன் என்று சிலர் முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். ஆறுதலாவது மண்ணாவது. அவன் வாயாடி. சரியான போக்கிரி. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயருக்குக் கண்ணை மூடி நிற்கும்போது, "ஹெட்மாஸ்டரு பையில பேனா ஒழுகுது. அவருக்கு இன்னும் தெரியல பாரு" என்பான். நான் சிரித்துவிடுவேன். வெயிலில் நிறுத்துவார்கள். அவனும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, அடுத்ததைச் சொல்லுவான். பரீட்சையில் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். எனக்குத் தெரியாத பாடம் எதுவும் அவனுக்கும் தெரியாது.

அம்மா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை அவனுக்கும் ஒரு தோசை வேண்டும் என்று கேட்டேன். "பசிச்சா அவனே வந்து கேப்பான். நீ உன்றதத் தின்னு" என்றார். டவுன் பஸ்ஸில் அவனுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லி அடம்பிடித்தபோது, "நின்னுட்டே வர்ற புள்ளைக்கு டிக்கெட் இல்ல கண்ணு" என்று முடித்துவிட்டார். அப்பாவுக்குப் பட்டறையில் இருந்து இருந்து காது பாதி மந்தம். மகள் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதை அவர் கவனித்ததே இல்லை.

பதின்மூன்று வயதில்தான் சிக்கல் வந்தது. நான் பெரியவளானேன். சீருக்கு வீடு கொள்ளாமல் ஒறம்பரை. உறவுக்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சாப்பாடு முடிந்து பெண்களெல்லாம் நடு அறையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, பேச்சை எடுத்தார்.

"ஏனுங்க, இன்னும் அந்தப் பையங்கூடப் பேசிட்டுத்தான் இருக்கறாளாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். "சின்னதுல சரிங்க. இனிமே வயசுக்கு வந்த புள்ள இருக்கற ரூமுல பையனுக்கு என்ன வேலை?" என்றார் பக்கத்தில் இருந்த பெரியம்மா.

அத்தை விடவில்லை. "எந்தக் கூட்டம்னாச்சும் கேட்டு வெச்சீங்களா?"

இது தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களில் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கூட்டம். ஒரே கூட்டம் என்றால் பங்காளிகள், அண்ணன் தங்கை. முன்பின் பார்த்திராவிட்டாலும் அப்படித்தான். வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். புதிதாக ஓர் ஆள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடுத்த கையோடு இதைத்தான் கேட்போம். இந்த இரண்டிலும் சேராத மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களை உட்கார வைத்துக் காப்பி கொடுப்போம். அறைக்குள் விடமாட்டோம்.

அம்மா டம்ளர்களில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

"நம்ம கூட்டந்தானுங்க. அவளுக்கு அண்ணன் முறை."

"அப்பச் சரி" என்றார் அத்தை.

கேள்வி கேலியாகத்தான் வந்தது. ஆனால் அந்த 'அப்பச் சரி'யில் கேலி இல்லை. நான் கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் தீர்ந்தது என்கிற முகத்தோடு அத்தை மோரை வாங்கிக் குடித்தார். பெரியம்மா வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இல்லாத ஒருவனுக்கு முறை கிடைத்துவிட்டது, அவர்களுக்கு அது போதும்.

ஒறம்பரையெல்லாம் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார். "இனி அவனை வாடா போடான்னு கூப்படாத. அண்ணான்னு கூப்புடு."

"அவனுக்கு என்ற வயசுதானுங்கம்மா."

"தம்பின்னா எளையவனாப் போயிருவான். நாளைக்கு உனக்கு முன்ன நின்னு யாரு செய்வா? மூத்தவனாவே இருக்கட்டும்."

"அவன் நெசமாலுமே இல்லீங்கம்மா."

"இல்லாதவனா இருந்தாலும் ஊட்டுக்குள்ள இருக்கறானல்ல? ஒரு முறை வேண்டாமா?"

வேறு வீடாக இருந்தால் என்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய் மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். அம்மா அவனுக்கு வீட்டிலேயே ஒரு இடம் போட்டுக் கொடுத்தார். அது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. அம்மாமேல் எனக்கிருந்த கோபம் இருபத்தைந்து வருஷம் நீடித்தது.

ஏனென்றால் முறை வந்ததும் மரியாதை வந்துவிட்டது. நான் அவனை 'வாங்கண்ணா' என்றேன். அவன் என்னை 'அம்மணி' என்றான். மறுநாள் காலையில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பாடமெல்லாம் படிச்சுட்டயா அம்மணி?" என் அண்ணன்மார் முறையில் இருந்த அத்தனை பேரும் என்னிடம் கேட்கிற கேள்வி அது. வேறெதுவும் அவர்களுக்குக் கேட்கத் தெரியாது. அவன் போய்விடவில்லை. அதே இடப்பக்கம், அதே அரை அடி பின்னால் இருந்தான். ஆனால் கைகட்டிக்கொண்டு இருந்தான். கல்லூரியில் எங்களை வால்பாறைக்குக் கூட்டிப்போனார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, எட்டாவது வளைவிலேயே பாதி வகுப்பு வாந்தி எடுக்க ஆரம்பித்தது. பழைய ஆளாக இருந்தால் எத்தனை பேர், யார் யார் மேல் என்று எண்ணிச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்திருப்பான். "கண்ண மூடிக்க அம்மணி, தலை சுத்தாது" என்றான் இவன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நல்ல போக்கிரியைக் கெடுத்து நல்லவனாக்கி விட்டார்களே என்று இருந்தது.

நான் பலமுறை முயன்று பார்த்தேன். யாரும் இல்லாத நேரத்தில் 'டேய்' என்று கூப்பிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. என் கற்பனைதானே, நான் நினைத்தால் மாற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். முடியவில்லை. அம்மா ஒறம்பரை முன்னால் சொல்லிவிட்ட ஒரு முறையை மாற்ற என்னாலேயே முடியவில்லை என்றால் அவனால் எப்படி முடியும்?

இருபத்தைந்து வயதில் ஜாதகம் பொருந்தி ஒரு மாப்பிள்ளை வந்தார். சத்தியமங்கலத்துப் பக்கம் தோட்டம். மல்லிகையும் வாழையும். அவரும் ஒற்றைப் பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்று எங்களைப் பேசிவிட்டு வரச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை, பட்டறை ஓடவில்லை. சொல்லாமல் கட்டிக்கொள்வது ஏமாற்று வேலை என்று எனக்குத் தோன்றியது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க" என்றேன். "என்கூட ஒருத்தரு இருக்காருங்க."

அவர் முகம் செத்துவிட்டது. கீழே அவருடைய அம்மா, அப்பா, இரண்டு கார் நிறைய ஆட்கள்.

"ஆனா அவரு இல்லீங்க" என்றேன்.

பிறகு முழுக்கச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எந்தக் கூட்டமுங்க அவரு?" என்றார்.

"எங்க கூட்டமுங்க. அண்ணன் முறை."

"அப்ப எனக்கு மச்சான் ஆகோணும்" என்றார். மூச்சு விட்டார். சிரித்தார்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

கட்டிக்கொண்ட பிறகு அந்தப் பதிலே எனக்குத் தலைவலியாகிவிட்டது. மச்சான் சாப்பிட்டாரா? மச்சானுக்கு ஃபேன் காத்து வருதா? மச்சானுக்குப் பொங்கலுக்கு வேட்டி எடுக்கோணுமல்ல? இது தினமும். கார் வாங்கியபோது இன்னும் மோசம். "மச்சானைப் பின்னால உக்கார வெச்சுட்டு நீ முன்னால வர்றயா?" என்று என்னைப் பின் சீட்டுக்கு அனுப்பிவிட்டார். முன் சீட்டு காலியாக வரும். ஊரே பார்க்கும். மாமனார், மாமியார், பூ எடுக்க வரும் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கேலி பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. "மல்லிக்கு இன்னொரு தண்ணி விடலாம்னு மச்சான் சொல்றாரு" என்பார். அவன் சொல்லியிருக்கவே மாட்டான். கணபதியில் லேத் பட்டறைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு மல்லிகையைப் பற்றி என்ன தெரியும்? என் ஆளை எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் பேச வைக்கிறாரே என்று எரிச்சலாக வரும். ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அப்புறம் எங்களுக்கு மகள் பிறந்தாள். காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டியது, ஊரடங்கில் தள்ளிப்போனது. மூன்று வயதில் பங்காளி வீட்டில் ஒரு சாவு. ஐந்தாம் வயதையும் விட்டால் நன்றாயிராது என்று மாமியார் தை மாதத்தில் ஒரு நாள் குறித்துவிட்டார். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் என் அண்ணன். எனக்கு எங்கே அண்ணன்? என் கல்யாணத்தில் அண்ணன் செய்ய வேண்டியதைப் பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் ஆளுக்கொன்றாகச் செய்து ஒப்பேற்றினார்கள். காதுகுத்தில் அப்படி முடியாது. உட்காருவதற்கு மடி ஒன்றுதான்.

மூத்த பெரியப்பா மகனைப் பேசி முடிவு செய்தார்கள். பெருந்துறையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்ப்பவர். நல்ல மனிதர். நானும் அவரும் மொத்தமாகப் பேசிக்கொண்ட வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மணி, ஒரு வார்த்தை சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டயே?"

"சொல்லுங்கத்தை."

"முறைப்படி ஒரு மாமன் வந்து உக்கார்றாரு. இனிமேலு நல்லது கெட்டதுக்கெல்லாம் அவருதான் முன்ன நிக்கோணும். அந்த இன்னொரு மாமன் கேலியெல்லாம் இத்தோட வேண்டாம். பாப்பாளுக்கு வெவரம் தெரியற வயசு. உனக்கு எத்தன மாமன்னு யாராச்சும் கேட்டா அவ என்ன சொல்லுவா?"

மாமியார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவன் எங்கள் வீட்டில் இருந்ததே அண்ணன் என்கிற இடத்தில்தான். அந்த இடத்தில் ரத்தமும் சதையுமாக ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் இவன் எந்த முறையில் இருப்பான்? கைகட்டிக்கொண்டாவது இருக்கிறானே, அதுவும் போய்விடுமே. முப்பத்தெட்டு வயதில், ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, இதற்காகச் சோறு இறங்காமல் இருந்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அம்மா இந்த விஷயத்தில் என் பக்கம் நிற்பார் என்று ஒரு நம்பிக்கை.

"அண்ணன் எடம் காலியாக் கெடந்துச்சு, உக்காந்திருந்தான்" என்றார் அம்மா. "எடத்துக்கு உண்டானவங்க வந்தா எந்திரிக்க வேண்டியதுதான?"

போனை வைத்துவிட்டேன். "அம்மா சொல்றதுதான் நாயம் அம்மணி" என்றான் அவன், இடப்பக்கத்திலிருந்து, அடக்கமாக. அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

காதுகுத்து அன்று காலையில் பவானி ஆற்றோரக் கோயிலில் எழுபது எண்பது பேர். மகளுக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மாமன் வீட்டுப் புதுப் பாவாடை கட்டிவிட்டார்கள். அண்ணி சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்தார். பெருந்துறை அண்ணன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டி கட்டிப் பழக்கமில்லாதவர் என்பது கட்டிய விதத்திலேயே தெரிந்தது. மகளைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்கள். அவள் அண்ணாந்து அந்தப் புது முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். சிரித்துக் காட்டினேன். என் கவனமெல்லாம் இடப்பக்கத்தில் இருந்தது. இருக்கிறானா, போய்விட்டானா?

ஆசாரி காதில் குங்குமத்தால் புள்ளி வைத்தார். ஊசி உள்ளே போனதும் மகள் அலறிய அலறலில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் எழும்பிவிட்டன. அலறியதோடு நிற்கவில்லை. மாமன் கையைப் பிடித்து ஒரு கடி கடித்தாள். அண்ணன் துள்ளி எழப் பார்த்தார். பிள்ளையை விடக் கூடாது, எழவும் கூடாது.

"ஏ புள்ளே" என்றான் அவன். "உங்கண்ணன் வேட்டிய ஒரு கை புடி. இன்னொரு காது குத்தறதுக்குள்ள அவுந்துரும்."

நான் சிரித்துவிட்டேன். சின்னச் சிரிப்பு இல்லை. என் பிள்ளை கதறிக்கொண்டிருக்கிறது, எண்பது பேர் பார்க்கிறார்கள், நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அழுகிறேன் என்று நினைத்து அண்ணி வந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

நான் பயந்ததற்கு நேர்மாறாக நடந்திருந்தது. அண்ணன் பதவி போன நிமிஷமே பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான். பந்தியில் அவன் வாய் ஓயவில்லை. கிடாக் குழம்பில் யார் எலும்பை யார் இலைக்குத் தள்ளினார்கள், எந்தச் சித்தப்பா மூன்றாம் முறையாக உட்காருகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். "சும்மா இருடா" என்றேன், வாய்க்குள். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு 'டா'. எனக்கு யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். மாமியார் ஒறம்பரையோடு வேனில் ஏறிக்கொண்டார். மகள் பின் சீட்டில் என் மடியில் தூங்கிவிட்டாள். வீட்டுக்காரர் தேங்காயும் பழமுமாக இருந்த சீர்ப் பைகளை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன் சீட்டுல வெச்சுருங்க" என்றேன்.

"மச்சான் எங்க உக்காருவாரு?"

"இனி மச்சான் கெடையாதுங்க. அண்ணன் எடத்துக்கு அண்ணன் வந்தாச்சு. அவன் இப்ப எந்தக் கூட்டத்துலயும் இல்ல."

வெற்றி பெற்றவள் மாதிரி சொன்னேன். அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பைகளை முன் சீட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். நாலைந்து கிலோமீட்டர் போய், வாய்க்கால் ரோட்டுக்குத் திரும்பிய பிறகு, "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ற ஆளுங்க அவன். அஞ்சு வயசுல இருந்து என்கூட இருக்கறவன். இத்தன வருசமா நீங்க அவனை வெச்சுக் கேலி பண்ணிட்டிருந்தீங்க. உங்களை எதுக்குக் கேக்கோணும்?"

"கேலின்னா நெனச்ச?"

வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

"பூ எடுக்கறவங்க எட்டு மணிக்குப் போயிருவாங்க. அப்பறம் பொழுது எறங்கற வரைக்கும் தோட்டத்துல நான் ஒருத்தன்தான். தண்ணி கட்டிட்டு நிக்கறப்ப யார்கிட்டப் பேசறது? மொதல்ல வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். உங்க முன்னாடியெல்லாம் இன்னும் வெளையாட்டாத்தான் பேசறேன். தோட்டத்துல அப்படியில்ல."

நான் மகளின் தலையை மடியில் சரிசெய்தேன்.

"அப்பா போனப்ப நான் அழுகலயல்ல?" என்றார்.

"இல்லீங்க."

"மச்சாங்கிட்ட அழுதேன். மோட்டர் ரூமுல உக்காந்து. ஒரு வாரம்."

மாமனார் போய் ஏழு வருஷமாகிறது. அன்று இவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. திடமான ஆள் என்று ஊரார் மெச்சினார்கள். கல் நெஞ்சுக்காரர் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதை மனதிலேயே வைத்துக்கொண்டு, பின்னால் நடந்த எத்தனையோ சண்டைகளில் அவரை அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன். அழுவதற்கு ஓர் ஆள் தேடியவருக்கு, பக்கத்தில் படுத்திருந்த நான் ஆளாகப் படவில்லை. என் அண்ணன் பட்டிருக்கிறான். பாடம் படிச்சுட்டயா என்று கேட்பதைத் தவிர எதற்கும் உதவாதவன் என்று நான் ஒதுக்கி வைத்திருந்தவன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்மேல் கோபமாகவும் இருந்தது. இரண்டையும் விட, மனது மிகவும் வலித்தது.

இடப்பக்கத்திலிருந்து அவன், "குடுத்துரு புள்ளே" என்றான்.

எதை என்று நான் கேட்கவில்லை.

"ஏனுங்க" என்றேன். "உங்க மச்சானை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு இவன் இருக்கறான்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரா?"

"ரெண்டு பேருதானுங்க போல. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து இடது கதவைத் திறந்து, சீர்ப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் காலடியில் வைத்தார். மகள் புரண்டு படுத்தாள். முன் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க மச்சான்" என்றார்.

எல்லோர் முன்னாலும் சொல்கிற குரல் அல்ல அது. மெதுவாக, கொஞ்சம் உடைந்து இருந்தது. தோட்டத்தில் அவர் பேசுகிற குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பதின்மூன்று வருஷத்தில் அன்றுதான் நான் அதைக் கேட்டேன்.